நம்ம ஆளுக்குப் போட்ட கட்டு

எங்கள் அறையில் காலையின் முதல் வேலை மாவு வறுப்பது. சொன்னால் சமையலறை என்று நினைத்துக்கொள்வார்கள். நாங்கள் வறுத்தது எலும்பு முறிந்தவர்களுக்குக் கட்டுப் போடும் வெள்ளை மாவு. தமிழில் மாவுக்கட்டு என்கிறோம். வியத்நாமியரும் மாவு கட்டுவது என்றுதான் சொல்கிறார்கள். அந்த ஒரு விஷயத்தில் என் அப்பாவின் மொழியும் அம்மாவின் மொழியும் ஒத்துப்போயின.

போர் முடிந்து ஏழெட்டு வருடம் ஆகியிருந்தது. சைகோனின் ஒரு பெரிய மருத்துவமனையில் மாவுக்கட்டு அறை என் பொறுப்பில் இருந்தது. பெரிய மருத்துவமனை என்றால் கட்டடம் பெரியது, அவ்வளவுதான். அலமாரிகள் காலி. வெளிநாட்டிலிருந்து டப்பாவில் வந்துகொண்டிருந்த ஆயத்தக் கட்டுச் சுருள்கள் நின்றுபோய்ப் பல காலம் ஆகிவிட்டது. மழை தொடங்கினால் மாவு காற்றிலிருக்கும் ஈரத்தைக் குடித்துவிடும். அந்த மாவில் கட்டுப் போட்டால் மறுநாளே பொலபொலவென்று உதிரும். அதனால் அகலமான இரும்புச் சட்டியில் அதை வறுத்து ஆறவைப்போம். ஒரு சிட்டிகை எடுத்து ஓட்டுச் சில்லின் மேல் தண்ணீர் விட்டுக் குழைத்து, எத்தனை நிமிடத்தில் இறுகுகிறது என்று பார்ப்போம். பிறகு புண்ணுக்குக் கட்டும் சல்லாத் துணியான காஸ் துணியில் மாவை உள்ளங்கையால் தேய்த்து ஏற்றி, தளர்வாகச் சுருட்டி, தகர டப்பாவில் அடைப்போம்.

காஸ் துணிக்கும் அதே கதிதான். பிரித்தெடுத்த பழைய கட்டுகளைத் தொட்டியில் ஊறப்போட்டுத் துணியை உருவி எடுப்போம். அதைத் துவைத்து, கொதிக்கவைத்து, பின்பக்கம் கயிறு கட்டிக் காயப்போடுவோம். ஒரே துணி ஐந்தாறு பேரின் கைகால்களைச் சுற்றி வந்திருக்கும். பல வருடம் இப்படித் துவைத்த துணியிலேயே புழங்கிப் புழங்கி, புதுத்துணி எப்படி நடந்துகொள்ளும் என்பதே என் கைக்கு மறந்துபோயிருந்தது. அது அப்போது எனக்குத் தெரியாது.

என் கட்டைப் பற்றி எனக்குத் தலைக்கனம் உண்டு. இப்போது சொல்வதில் வெட்கமில்லை, உண்மையிலேயே நன்றாகக் கட்டுவேன். நனைத்த சுருளை இழுத்துச் சுற்றக் கூடாது, கையின் மேலேயே உருட்டிக்கொண்டு போக வேண்டும். ஈரமாக இருக்கும்வரை உள்ளங்கையால்தான் தாங்க வேண்டும். விரல் நுனி அழுத்தினால் அங்கே ஒரு குழி விழும், அந்தக் குழி உள்ளே தோலைப் புண்ணாக்கும். தண்ணீர் சூடாக இருந்தால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் மாவு இறுகும்போது தானாகவே சூடாகும். இரண்டு சூடும் சேர்ந்து நோயாளியைச் சுட்டுவிடும். அவசரக்காரர்களுக்கு இந்த வேலை சரிப்படாது. நான் மற்ற எல்லாவற்றிலும் அவசரக்காரி, இதில் மட்டும் இல்லை.

கட்டி முடித்ததும் நோயாளிக்குச் சொல்ல நாலு வாக்கியம் உண்டு. கையை நெஞ்சுக்கு மேலே தூக்கி வை. விரல்களை அசைத்துக்கொண்டே இரு. விரல் வீங்கினாலும், நிறம் மாறினாலும், மரத்துப்போனாலும், வலி கூடிக்கொண்டே போனாலும் காத்திருக்காமல் உடனே திரும்பி வா. கட்டை நனைக்காதே, நீயாக அறுக்காதே. இதை ஒரு நாளைக்கு இருபது தடவை சொல்லிச் சொல்லி எனக்கு அது பாட்டாகிவிட்டது. சைகோனின் பென்-தான் என்ற பெரிய சந்தையில் மீன் விற்பவள் கூவுகிறாளே, அதே ராகத்தில் மூச்சு விடாமல் வியத்நாமிய மொழியில் சொல்லி முடிப்பேன். என்னோடு வேலை பார்த்த பெண் என் பின்னாலிருந்து அதே ராகத்தில் வாயசைத்து நோயாளிகளைச் சிரிக்க வைப்பாள்.

அப்பா இறந்து அப்போது இரண்டு வருடம். காரைக்காலிலிருந்து குமாஸ்தாவாக வந்தவர். அவர் போனதோடு வீட்டில் தமிழ் நின்றுபோயிற்று. அக்கா முன்பே பிரான்சுக்குப் போய்விட்டாள். அம்மா வியத்நாமியர், ஊரை விட்டு வர மாட்டேன் என்றார், அவருக்காக நான் தங்கிவிட்டேன். கனவில் மட்டும் தமிழ் பேசினேன். விழித்ததும் என்ன பேசினேன் என்று நினைவிருக்காது. அது எவ்வளவு பெரிய பசி என்று அந்த மனிதர் வந்து நிற்கும்வரை எனக்கு உறைக்கவில்லை.

ஒரு நாள் மதியத்துக்குச் சற்று முன்னால் அவர் வந்தார். ஐம்பது வயதிருக்கும். வலது முன்கையை ஈரத் துண்டில் போட்டுக் கழுத்தில் தொங்கவிட்டிருந்தார். நகரத்தின் வடக்கு ஓரத்தில் இரண்டு மாடு வைத்துக்கொண்டு பால் விற்கிறவர். காலையில் கழுநீர்ப் பானையைத் தூக்கும்போது மாடு உதைத்துவிட்டது. மணிக்கட்டுக்கு மேலே இரண்டு எலும்பும் போயிருந்தன. மருத்துவர் எலும்பை இழுத்துச் சேர்த்துவிட்டு என்னிடம் அனுப்பினார். சீட்டில் இருந்த தமிழ்ப் பெயரைப் படித்ததும் எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. நிமிர்ந்து பார்த்துத் தமிழில் கேட்டேன், எந்த ஊர் என்று.

அவர் என் முகத்தை மேலும் கீழும் பார்த்தார். பிறகு, "காரக்கா பக்கந்தாம்மா. நீ தமிழா?" என்றார்.

அதன் பிறகு எங்கள் வாய் ஓயவில்லை. த்ருவோங் டின் தெருவில் மாரியம்மன் கோவிலுக்கு எதிர்ப்புறம்தான் அவர் ஒரு காலத்தில் பால் ஊற்றிக்கொண்டிருந்தாராம். கோவிலுக்கு இப்போது நம் ஆட்களைவிட ஊதுபத்தி கொளுத்த வரும் வியத்நாமியப் பெண்கள்தான் அதிகம் என்றார். வட்டிக்கடை வைத்திருந்த செட்டியார்கள் யார் யார் போனார்கள், யார் இருக்கிறார்கள், யார் போகிறேன் போகிறேன் என்றே சொல்லிக்கொண்டு இருக்கிறார்கள் என்று ஒரு பட்டியல் சொன்னார். என் அப்பாவை அவருக்குத் தெரிந்திருந்தது. பாலுக்குப் பேரம் பேசமாட்டார், ஆனால் செம்பை எட்டி எட்டிப் பார்ப்பார் என்றார். எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தன. என்னோடு வேலை பார்த்த பெண், நான் இவ்வளவு சத்தமாகச் சிரித்து அன்றுதான் கேட்டாளாம்.

பேச்சுக்கு நடுவே அவர் ஒன்றைத்தான் திரும்பத் திரும்பக் கேட்டார். கை பழையபடி வருமா, கறக்க முடியுமா? இடது கைக்கு மாடு நிற்காது, அவர் மனைவிக்கும் கறக்க வராது. வலது கை போனால் பிழைப்பே போயிற்று என்றார். பழையபடி வரும், என் கட்டு மோசம் போகாது என்று நான் வாக்குக் கொடுத்தேன்.

அந்த வாரம் பஞ்சு குறைவு. தோலின் மேல் பஞ்சை மெல்லியதாகத்தான் வைக்க முடிந்தது. பஞ்சு நகராமல் இருக்க அதன் மேல் காஸ் துணியை ஒரு சுற்றுச் சுற்றி, அதற்கு மேல் மாவுச் சுருளைப் போடுவது எங்கள் வழக்கம். எப்போதும் துவைத்த துணிதான். அன்று நான் என் மேசை இழுப்பறையைத் திறந்தேன். அக்கா பிரான்சிலிருந்து அனுப்பிய பொட்டலத்தில் இரண்டு சுருள் புதுக் காஸ் இருந்தது. அரிசி மாதிரி வெள்ளை. அம்மாவுக்கு ஏதாவது ஆனால் வேண்டும் என்று எடுத்து வைத்திருந்தேன். நம்ம ஆளுக்கு ஊரார் கைகால் சுற்றிய பழந்துணியா என்று தோன்றிவிட்டது. ஒரு சுருளைப் பிரித்து, நூல் நூலாக ஒழுங்கு பார்த்துச் சுற்றினேன்.

அதோடு விடவில்லை. அன்றுதான் முறிந்த கை என்றால், கட்டு இறுகியதும் நீளவாக்கில் ஒரு பிளவு விட வேண்டும். உள்ளே கை வீங்கினால் கட்டு விரிந்து கொடுக்க அது ஒன்றுதான் வழி. பிளந்தால் நாலைந்து நாளில் திரும்பி வந்து மூடிக்கொள்ள வேண்டும். மாட்டுக்காரர் தூரத்திலிருந்து எத்தனை முறை அலைவார் என்று நினைத்தேன். வீக்கமும் பெரிதாக இல்லை. பிளக்க வேண்டாம் என்று நானே முடிவு செய்தேன். கட்டும் சிலைக்கு வார்த்தது போல அழகாக வந்திருந்தது, அதைக் கத்தியால் கீறவும் மனம் வரவில்லை. உண்மையைச் சொல்வதென்றால் அந்தக் காரணமும் இருந்தது.

கட்டு இறுகும்வரை அவர் கையை என் உள்ளங்கையில் ஏந்திக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தேன். பிறகு அவரை வாசல்வரை கொண்டுபோய் விட்டு, சிக்லோ என்ற மிதிரிக்‌ஷா வண்டிக்காரனிடம் பள்ளத்தில் விடாமல் மெதுவாக மிதிக்கச் சொன்னேன். வேறு எந்த நோயாளிக்கும் நான் இதைச் செய்ததில்லை. எல்லா நோயாளிக்கும் சொல்கிற அந்த நாலு வாக்கியத்தை அவருக்குச் சொல்லவில்லை.

மறந்துவிட்டேன் என்று சொன்னால் அது முழு உண்மை ஆகாது. அந்தப் பாட்டு எனக்கு வியத்நாமிய மொழியில்தான் வாயில் இருந்தது. தமிழில் பேச ஆரம்பித்ததும் நான் அந்த அறையின் பொறுப்பாளியாகவே இல்லை, அப்பாவின் மகளாகிவிட்டேன். அப்பாவின் மகளுக்கு அந்த வாக்கியங்கள் தெரியாது.

அன்று மாலை எனக்குப் புது அரசின் கட்டாய அரசியல் வகுப்பு. அது முடிந்து அறைக்குத் திரும்பியபோது என் மேசையில் ஒரு பாட்டில் பால் இருந்தது. உன் நாட்டுக்காரர் ஐந்து மணிக்கு வந்தார், உன்னைத் தேடினார், இல்லை என்றதும் இதை வைத்துவிட்டுப் போனார் என்று அறையில் இருந்த என் கூட்டாளிப் பெண் சொன்னாள். கட்டில் ஏதாவது தொந்தரவா என்று கேட்டாளாம். ஒன்றுமில்லை, ரொம்ப நன்றாகக் கட்டியிருக்கிறார்கள் என்று சொல்லிச் சிரித்தாராம். எனக்குப் பெருமை தாங்கவில்லை. பாலை வீட்டுக்குக் கொண்டுபோய்க் காய்ச்சி, அம்மாவுக்கு ஒரு குவளை, எனக்கு ஒரு குவளை. டப்பாப் பாலே கிடைக்காத காலம் அது. நாக்கில் ஒட்டிக்கொண்ட ஆடையை வழித்து வழித்துக் குடித்தேன். முறிந்த கையோடு ஒருவர் நகரத்தின் அந்தக் கோடியிலிருந்து வெறும் பால் கொடுக்கவா வருவார் என்று எனக்கு ஒரு கேள்வி கூட எழவில்லை.

மறுநாள் காலை ஏழு மணிக்கு நான் சட்டியை அடுப்பில் ஏற்றிக்கொண்டிருந்தபோது ஒரு வியத்நாமியப் பெண்மணி கதவைத் தள்ளிக்கொண்டு வந்தார். அவருடைய மனைவி. கணவர் விடிய விடிய உட்கார்ந்தே இருந்தார், மருத்துவமனைக்கு அழைத்தால் வரவில்லை, விடிந்ததும் விரலில் உணர்வே இல்லை என்றார், நான்தான் சண்டை போட்டு வண்டியில் ஏற்றிக்கொண்டு வந்தேன் என்று ஒரே மூச்சில் சொன்னார். அவருக்குப் பின்னால் பால்காரர் நின்றுகொண்டிருந்தார். முகம் சாம்பலாக இருந்தது. அப்போதும் என்னைப் பார்த்துச் சிரிக்கத்தான் பார்த்தார்.

கட்டுக்கு வெளியே தெரிந்த விரல்கள் உருண்டு, நீலம் பாரித்துக் கிடந்தன. தொட்டால் குளிர்ந்தன. நகத்தை அழுத்தி விட்டேன். அழுத்தினால் வெளுத்து, விட்டால் சிவக்க வேண்டும். வெளுத்தது அப்படியே நின்றது. நடுவிரலை மெல்ல நிமிர்த்திப் பார்த்தேன். விடிய விடிய வாய் திறக்காத மனிதர் அப்போது அலறினார். அந்த அலறலுக்கு என்ன அர்த்தம் என்று எங்கள் தொழிலில் இருப்பவர்களுக்குத் தெரியும். உள்ளே சதை ரத்தமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம்.

பெரிய கத்தரியை எடுத்தேன். அதன் நுனி உள்ளே நுழைய மறுத்தது. கட்டு அவ்வளவு கெட்டியாக இருந்தது, என் வறுவலின் கைவண்ணம். மேலிருந்து கீழ்வரை வெட்டி இரண்டு ஓடாக விரித்தேன். வலி குறைகிறதா என்றேன். இல்லை என்று தலையாட்டினார். அப்போதுதான் உள்ளே பார்த்தேன்.

என் புதுக் காஸ். மாவின் ஈரத்தில் நனைந்து, காயக் காயச் சுருங்கி, கயிறு மாதிரி திரண்டு சதைக்குள் இறங்கியிருந்தது. துவைத்த துணி ஏற்கெனவே சுருங்க வேண்டிய அளவுக்குச் சுருங்கிவிட்டது, அது எவர் கையையும் நெரிக்காது. புதுத்துணி நனைந்தால் சுருங்கும் என்பது புதுச் சட்டை வாங்குகிற எவருக்கும் தெரியும். வருடக்கணக்கில் புதுத்துணியையே பார்க்காத எனக்கு அது தோன்றவில்லை. எங்கள் அறையிலேயே கேவலமான பழந்துணியைச் சுற்றியிருந்தால் இந்த மனிதர் வீட்டில் தூங்கியிருப்பார்.

சிறு கத்தரியால் ஒவ்வொரு சுற்றாக வெட்டினேன். தோல் தெரியும்வரை, கடைசி நூல்வரை. ஒரு நூல் மிச்சம் இருந்தாலும் அது பிடித்துக்கொண்டிருக்கும். பஞ்சையும் கிள்ளிப் பிரித்தேன். தோலில் சுற்றுச் சுற்றாக வரி விழுந்திருந்தது. கையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு நகங்களையே பார்த்துக்கொண்டிருந்தேன். கட்டைவிரல் முதலில் சிவந்தது. பிறகு ஆள்காட்டி, நடுவிரல். மோதிர விரலும் சுண்டுவிரலும் வெகுநேரம் நீலமாகவே இருந்தன. அன்று நான் எந்தச் சாமியை விட்டேன் என்று கேட்காதீர்கள், மாதாவையும் மாரியம்மனையும் அம்மாவின் புத்தரையும் கூப்பிட்டேன்.

என்னோடு வேலை பார்த்த பெண் ஓடிப்போய்த் தலைமை மருத்துவரை அழைத்து வந்தாள். வடக்கிலிருந்து வந்தவர், குள்ளமான அம்மையார், போர்க்காலத்தில் காட்டு மருத்துவமனைகளில் வேலை பார்த்தவர் என்று சொல்வார்கள். கையைத் தொட்டுப் பார்த்தார். தோலைக் கிழித்து அழுத்தத்தை விடுவிக்க வேண்டியிருக்கலாம், அரை மணி பார்ப்போம் என்றார். அரை மணியில் கடைசி இரண்டு விரலும் கொஞ்சம் நிறம் மாறின. கத்தி வேண்டாம் என்றார். இந்த இரண்டு விரல் எவ்வளவு மீளும் என்று இப்போது சொல்ல முடியாது என்றும் சொன்னார். அதைச் சொல்லும்போது என்னைப் பார்க்கவில்லை.

அவர் மற்ற நோயாளிகளைப் பார்த்துவிட்டு வருகிறேன் என்று போன இடைவெளியில் நான் பால்காரரிடம் கேட்டேன், "ஏண்ணே, நேத்து வந்தப்பவே வலிக்குதுன்னு சொல்லக் கூடாதா?"

"யாருகிட்டம்மா சொல்றது? நம்ம புள்ள கட்டுன கட்டு சரியில்லேன்னு அவங்ககிட்ட போயி நான் சொல்லுவனா? ஒன்ன வேலய வுட்டு எடுத்துட்டாங்கன்னா என்னா பண்றது" என்றார். பிறகு, கட்டு என்றால் வலிக்கத்தான் செய்யும் என்று நினைத்ததாகவும் சொன்னார். மெதுவாகத்தான் சொன்னார். வலி கூடினால் உடனே திரும்பி வர வேண்டும் என்று நான்தான் அவருக்குச் சொல்லியிருக்க வேண்டியவள்.

தலைமை மருத்துவர் திரும்பி வந்து விசாரித்தார். ஆபத்து அறிகுறிகளை இந்தச் சகோதரி உங்களிடம் சொன்னாரா என்று அவரிடம் கேட்டார். பால்காரர் முப்பது வருடமாக அந்த ஊரில் பால் விற்றவர், வியத்நாமிய மொழி தண்ணீர் பட்ட பாடு. சட்டென்று சொன்னார்: எல்லாம் சொன்னார்கள், நான்தான் கேட்கவில்லை, தப்பு என்னுடையது.

அந்தக் கணம் எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுதுகிறபோது கூட முகம் சூடாகிறது, ஆனால் இருந்தது. புது அரசு ஏற்கெனவே சந்தேகமாகப் பார்த்த என் இந்தியக் குடும்பப் பெயர், பிரான்சில் இருக்கிற அக்கா, அங்கிருந்து வரும் பொட்டலம், இவற்றோடு ஒரு தவறும் சேர்ந்தால் என் வேலையும் ரேஷன் அரிசிச் சீட்டும் என்ன ஆகும் என்று கணக்குப் போட்டுவிட்டேன். அவர் எனக்காக ஒரு பொய்யை எடுத்து நீட்டிக்கொண்டிருந்தார். வாங்கிக்கொள்ள வேண்டியதுதான் பாக்கி. ஆனால் வாங்கிக்கொண்டால், அவர் கையும் போய், அதற்குக் காரணமும் அவரே என்று ஆகிவிடும். என் கோபம் எப்போதும் மற்றவர்கள் மேல்தான் பாயும், அன்று என் மேலேயே பாய்ந்தது.

நான் சொல்லவில்லை என்றேன். பிளவு விடவில்லை, துணியும் என் வீட்டுப் புதுத்துணி, அறைத் துணி இல்லை என்றும் சேர்த்துச் சொன்னேன். பால்காரர் வேண்டாம் என்று கண்ணால் சாடை காட்டினார்.

ஏன் இவருக்கு மட்டும் என்று மருத்துவர் கேட்டார். இவர் என் அப்பாவின் ஊர்க்காரர் என்றேன். இதைவிட முட்டாள்தனமான பதிலை அவர் கேட்டிருக்க மாட்டார் என்று நினைத்தேன். அவர் திட்டவில்லை. முன்கைக்கு அடியில் மட்டும் பாதி ஓடாக ஒரு அரைக்கட்டு வைத்து, துவைத்த துணியால் தளர்வாகச் சுற்றச் சொன்னார். சுற்றி முடித்ததும், இப்போது அவருக்குச் சொல்ல வேண்டியதைச் சொல், உன் அப்பாவின் மொழியிலேயே சொல், நான் நிற்கிறேன் என்றார்.

பத்து வருடமாகப் பாட்டாகப் பாடியதைத் தமிழில் சொல்ல எனக்கு வார்த்தை வரவில்லை. கையைத் தூக்கியே வச்சிக்கணும்ணே என்று ஆரம்பித்தேன். விரலை ஆட்டிக்கிட்டே இருங்க. மரத்துப்போறதுக்கு அப்பா என்ன சொல்வார் என்று யோசித்து நின்றேன். "மரமரன்னு இருந்தாலா?" என்று பால்காரரே எடுத்துக் கொடுத்தார். ஆமாம், அப்படி இருந்தால், வலி கூடினால், யார் கட்டிய கட்டாக இருந்தாலும் யாரிடமாவது சொல்லிவிட வேண்டும் என்றேன். பாட்டில் இல்லாத அந்த வரியை நானே சேர்த்தேன். மருத்துவருக்கு ஒரு வார்த்தை புரிந்திருக்காது. முடியும்வரை கைகட்டி நின்று கேட்டுவிட்டுப் போனார்.

கட்டுப் போடும் வேலையிலிருந்து என்னை எடுத்துவிட்டார்கள். பின்பக்கத் தொட்டியில் துணி துவைக்கும் வேலை கொடுத்தார்கள். வேலை போகவில்லை, அதற்கே நான் கும்பிட வேண்டும். வெயிலில் ஈரத்துணியை உதறிக் காயப்போடும்போதெல்லாம் அந்த இரண்டு விரல்தான் கண்ணில் நிற்கும். வாரம் ஒரு முறை அவர் காட்ட வருவார். நான் தொட்டியிலிருந்து எட்டிப் பார்ப்பேன், அவர் இடது கையால் ஒரு கும்பிடு போடுவார், அவ்வளவுதான். மாட்டை யார் கறக்கிறார்கள் என்று கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை. ஒரு மாட்டைக் கைமாற்றிவிட்டார்கள் என்று அவர் மனைவி என் கூட்டாளிப் பெண்ணிடம் சொன்னதாகத் தெரிந்தது.

ஆறு வாரம் கழித்துக் கட்டைப் பிரிக்க வேண்டிய நாள். என்னைக் கூப்பிட்டார்கள். இந்தச் சகோதரிதான் பிரிக்க வேண்டும் என்று நோயாளி பிடிவாதமாக உட்கார்ந்திருக்கிறார் என்றார்கள். நான் கையைத் துடைத்துக்கொண்டு போனேன். துணியைப் பிரித்து அரைக்கட்டை எடுத்தேன். கை மெலிந்து, தோல் உரிந்து, வெளிச்சத்துக்குக் கூசுவது போல இருந்தது. எலும்பு நேராகச் சேர்ந்திருந்தது, அதில் குறையில்லை. வெதுவெதுப்பான தண்ணீரில் கழுவித் துடைத்துவிட்டு, என் இரண்டு விரலை அவர் உள்ளங்கையில் வைத்து, பிடிங்கண்ணே, கறக்கிற மாதிரி அழுத்துங்க என்றேன்.

கட்டைவிரலும் அடுத்த இரண்டும் என்னைப் பிடித்தன, பலமாகவே பிடித்தன. மோதிர விரலும் சுண்டுவிரலும் பாதி மடங்கிய நிலையிலேயே நின்றன, மூடவும் இல்லை, நிமிரவும் இல்லை. கறக்கிறவருக்குப் பிடி மேலே தொடங்கிச் சுண்டுவிரலில்தான் முடிய வேண்டும். அவர் மூன்று தடவை முயன்றார். பிறகு விட்டுவிட்டார்.

 தொட்டியடியில் நின்று ஆறு வாரம் ஒத்திகை பார்த்த மன்னிப்பு எங்கே போயிற்றோ. பரவாயில்லம்மா என்று அவர் சொல்லிவிடப் போகிறார் என்று பயந்துகொண்டிருந்தேன். அதை மட்டும் என்னால் தாங்கியிருக்க முடியாது.

அவர் அந்தக் கையைப் பார்த்தார். அறையில் இருந்த மற்றவர்களைப் பார்த்தார். அவர்களுக்குப் புரியாது என்று தெரிந்தும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

"ஒம்மேல கோவம் இருக்குதும்மா. இல்லேன்னு சொன்னா பொய்யி. அவங்ககிட்ட எப்பவும் சொல்ல மாட்டேன். ஒங்கிட்டத்தான் சொல்லணும். ரொம்பக் கோவமா இருக்குது."

சொல்லுங்கண்ணே என்றேன். அவர் சொன்னார். மாட்டைப் பற்றி, மனைவி கறக்கப் பழகும்போது வாங்கிய உதையைப் பற்றி, அந்த ராத்திரியைப் பற்றி, என்னைப் பற்றி, ஒன்று விடாமல் தமிழில் சொன்னார். நான் அவர் கையை விடாமல் பிடித்துக்கொண்டு உட்கார்ந்து முழுவதையும் கேட்டேன்.